திரைக்குப் பின்னால் எடுத்த காஜா

தையல்காரி பொய் சொல்லப் பழகி நான்கு வருஷம் ஆகிவிட்டது. பழைய கடையில் அவள் அண்ணன் தனக்குத்தானே பேசிச் சிரித்ததைப் பார்த்தவர்கள், வெட்டின துணியைக்கூட விட்டுவைக்காமல் திருப்பி வாங்கிப் போனார்கள். கடையை வேறு தெருவுக்கு மாற்றினாள். யார் கேட்டாலும், "அண்ணன் வெளியூர்ல இருக்கார்." அந்த வெளியூர், கடைக்குள் தொங்கிய பச்சைத் திரைக்குப் பின்னால் நாலடி இடம்.

அங்கே உட்கார்ந்துதான் அவன் காஜா எடுத்தான். பட்டன் நுழையும் அந்தச் சின்னத் துளையைச் சுற்றி அவன் போடும் தையலில் ஒரு இழை ஏறியிருக்காது, ஒரு இழை இறங்கியிருக்காது. மாத்திரை ஒரு வேளைகூடத் தவறவில்லை. ஒன்றரை வருஷமாகப் பேச்சும் தூக்கமும் ஒழுங்காக இருந்தன. ஆள் தேறிவிட்டான். தேறாதது தங்கையின் பயம்தான்.

அன்று காலை சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து நின்றான். "இன்னிக்கு முன்னாடி உக்காரட்டுமாம்மா?"

அவள் அவன் காலரை நீவிவிட்டாள். "டீச்சரம்மா பத்து மணிக்கு வருவாங்க. அவங்ககிட்டதான் முதல்ல உன்னைப் பத்திச் சொல்லப்போறேன். கூப்பிட்டதும் வாண்ணா."

டீச்சர் வந்தாள். மகனுக்குத் தைக்கக் கொடுத்திருந்த சட்டையை விரித்து, காஜாவை விரலால் தடவினாள். "இது யார் கைவேலை?"

திரைக்கு அடியில் இரண்டு பாதங்கள் எழுந்து நின்றன.

சொல்ல வேண்டியது மூன்றே வார்த்தை: எங்க அண்ணன் எடுத்தது. பழகின நாக்கு முந்திக்கொண்டது. "கையா? மெஷின்தாங்க. புதுசு."

"அடடா! ஆளா இருந்தா எங்க ஸ்கூல்ல தையல் கத்துக்குடுக்கக் கூப்பிடலாம்னு நெனச்சேன்," என்று டீச்சர் சட்டையை மடித்துக்கொண்டு போய்விட்டாள்.

பாதங்கள் கொஞ்ச நேரம் அப்படியே நின்றன. பிறகு ஸ்டூல் இழுபடும் சத்தம் கேட்டது.

பாவி! ஊர் வாய்க்குப் பயந்து பயந்தே செத்தவள், ஊர் ஒன்றும் சொல்லாத அன்றைக்குத் தன் வாயாலேயே அவனை உள்ளே தள்ளினாள். அன்று முழுவதும் அவளுக்கு ஒரு தையல்கூட நேராக விழவில்லை.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்கே போய் எல்லாவற்றையும் கொட்டினாள். "இதை நேத்தே சொல்லக் கூடாதா? வரச் சொல்லுங்க," என்றாள் டீச்சர், அவ்வளவுதான்.

ஓடி வந்து திரையைக் கம்பியோடு பிடுங்கிப் போட்டாள். வாசலோரம் நாற்காலி இழுத்துப் போட்டாள். "வாண்ணா, இங்க உக்காரு. டீச்சர் உன்னைத்தான் கூப்பிடறாங்க."

அவன் ஊசியில் நூல் கோத்தபடி, நிமிராமல் சிரித்தான். அதில் கோபம்கூட இல்லை.

"மெஷின் எங்கயாச்சும் தானா எழுந்து வருமாம்மா?"