காசிமாயனின் சாட்சி

ஆடிக் கடைசியில் ஏலக்காய் முதல் எடுப்பு. போடிமெட்டுக்கு மேலே இருந்த அந்த எஸ்டேட்டில் பெண்கள் கூடைகளோடு செடிகளுக்குள் இறங்கினார்கள். பாண்டியம்மாள் மட்டும் இறங்கவில்லை. மூன்று பிள்ளைகளை வயிற்றிலேயே பறிகொடுத்தவள் முதல் காயைத் தொட்டால் செடி பூவை உதிர்த்துவிடும் என்பது அங்கே சட்டம். யார் போட்டது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது.

"நீ தள்ளி நில்லு ஆத்தா. ரெண்டாம் எடுப்புக்கு வந்துக்கலாம்" என்றாள் கங்காணி மனைவி குருவம்மாள்.

காய் உலர்த்தும் ஸ்டோரில் அடுப்புக்கு விறகு தள்ளிக்கொண்டிருந்த பாண்டியம்மாளின் புருசன் காசிமாயன் இதைப் பார்த்தான். வழக்கம்போலத் தலையைக் குனிந்துகொண்டான்.

யுத்தம் முடிந்த மறுவருசம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தாறில், வெள்ளைக்காரன் பட்டாளத்தோடு ஜப்பானுக்குப் போனவன் அவன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, குண்டு விழுந்த ஹிரோஷிமாவை வேடிக்கை பார்க்கப் போனான். தாகத்தில் ஓர் உடைந்த குழாயில் வாய் வைத்தபோது, தலைமுடி கொட்டிப்போன ஒருத்தி வேண்டாம் வேண்டாமென்று கையை ஆட்டினாள். பாஷை தெரியாத இவன் சிரித்துக்கொண்டே வயிறு நிறையக் குடித்தான்.

ஊர் திரும்பிக் கல்யாணமாகி, முதல் பிள்ளை கலைந்த அன்று அந்தக் கை அவன் கண்முன் வந்தது. பிறகு போகவே இல்லை. சோற்றுக்கு உட்கார்ந்தால் எதிரே ஆடும். ஸ்டோர்க் கதவைத் திறந்தால் வெக்கைக்குள் நின்று ஆடும். ஆனாலும் பாண்டியம்மாளிடம் அவன் வாய் திறக்கவில்லை. குறை தன்மேல் என்று ஊர் சொல்லிவிடுமே என்ற பயம். இப்போது அவன் தாய் மொக்கம்மாள் சிலமலையில் அவனுக்கு இரண்டாம் தாரமே பார்த்துவிட்டாள். வெள்ளிக்கிழமை வெற்றிலை பாக்கு மாற்றுவதாகப் பேச்சு.

வியாழன் சாயங்காலம் போடி சந்தைத் திடலில் சொற்போர் நடந்தது. அணு உலை கட்டக் கனடாவோடு நம் நாடு போட்ட ஒப்பந்தம் ஆக்கமா, அழிவா என்பது தலைப்பு. ஆக்கம் என்று பேச வந்தவர் படிப்பகச் செயலாளர் வெள்ளைத்துரை. காசிமாயன் ஹிரோஷிமா போன கதை அவர் ஒருவருக்குத்தான் தெரியும். பேப்பர் படிக்கையில் இவனே உளறியிருந்தான்.

"மேடையேறி 'நல்லாத்தான் இருக்கேன்'னு ஒத்த வார்த்த சொல்லுண்ணே, போதும்" என்று அவர் முன்பே கேட்டிருந்தார். காசிமாயனும் தலையாட்டியிருந்தான்.

"மலைக்கு மலை கரண்டு வரும்!" என்று வெள்ளைத்துரை முழங்கினார். கைதட்டல்.

"தண்ணியில விஷம் கலந்தா யாரு பொறுப்பு?" என்றார் எதிரணிச் சுருளிவேல். அதற்கும் அதே கைதட்டல். நம் ஜனங்களுக்குச் சத்தம் உயர்ந்தால் போதும்.

"பயந்தாங்கொள்ளிப் பேச்சு! குண்டு விழுந்த ஊருலயே தண்ணி குடிச்சவரு இந்தா வர்றாரு, கேளுங்க!" என்றார் வெள்ளைத்துரை.

காசிமாயன் மேடையேறினான். பெண்கள் பக்கம் பார்த்தான். பாண்டியம்மாளைச் சுற்றி ஓர் ஆள் இடம் விட்டுத்தான் மற்றவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். கர்ப்பிணி ஒருத்தி அவள் கண்ணில் படாமல் முந்தானையால் வயிற்றை மூடிக்கொண்டாள். காசிமாயன் கூட்டத்தின் பக்கம் திரும்பினான்.

"நான் நல்லா இல்ல" என்றான். "அந்தத் தண்ணிய வேணாம்னு ஒருத்தி தடுத்தா. கேக்காமக் குடிச்சேன். எம்புள்ளைக போனது அதனாலதானான்னு எனக்குத் தெரியாது. எந்த டாக்டர்கிட்டயும் நான் கேக்கல. ஆனா குறை எம்மேல இருக்கலாம்னு தெரிஞ்சே, எட்டு வருசமா இவளப் பழி சுமக்க விட்டேன்."

"ஏலே, வாய மூடுறா!" என்று மொக்கம்மாள் கூட்டத்திலிருந்து கத்தினாள்.

"மூடுனதாலதான் ஆத்தா இவ்வளவும். எனக்கு இன்னொரு கல்யாணம் வேணாம்."

பாண்டியம்மாள் எழுந்தாள். மேடையை நோக்கி வந்தாள். தன்னை மன்னித்துவிட்டாள் என்றே காசிமாயன் நினைத்தான். அவள் அவனைப் பார்க்கவே இல்லை. மேடையில் இருந்த மற்றவர்களைப் பார்த்துப் பேசினாள்.

"ஒப்பந்தம் நல்லதா கெட்டதான்னு எனக்குத் தெரியாதுய்யா. ஆனா புருசனோ சர்க்காரோ, தெரிஞ்சத மறச்சா, பழியச் சுமக்கிறது எங்கள மாதிரி ஒண்ணுந் தெரியாதவுகதான். முதல்ல உள்ளதச் சொல்லுங்க. அப்புறம் கைதட்டச் சொல்லுங்க."