புனேவுக்குப் போனவர்கள்

ஹுணசிகட்டே துணை சுகாதார நிலையத்தைச் சேர்ந்த ஏழு தாண்டாக்களில், லம்பாணி மக்களின் சிறு குடியிருப்புகளில், மூன்று வருடமாகப் பிரசவத்தில் ஒரு பெண்கூடச் சாகவில்லை என்று கணக்கு வந்திருந்தது. நீலாம்பிகாவுக்குச் சந்தோஷத்தில் தார்வாடில் இருப்புக் கொள்ளவில்லை. மறுநாளே பஸ் ஏறிவிட்டாள்.

ஆறு வருடத்துக்கு முன்னால் அவள் எழுதிய ஆய்வறிக்கைதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம். டவுனில் ஒரு பெண் பிரசவத்தில் செத்தால் தாண்டாக்களில் ஐந்து பேர் சாகிறார்கள் என்று அதில் நிரூபித்திருந்தாள். 'ஒவ்வொரு சாவுக்கும் யாராவது பதில் சொல்லியாக வேண்டும்' என்று முடித்திருந்தாள். அரசாங்கம் அந்த வரியை அப்படியே உத்தரவாக்கியது.

நர்ஸ் சரணம்மா சோள ரொட்டியும் கடலைச் சட்னியும் வைத்து உபசரித்தாள். ஐம்பது வயதுக்காரி. பதிவேட்டைக் கொடுத்துவிட்டு, "சாப்பிடுங்க மேடம், ஆறிடும்" என்றாளே தவிர, நிமிர்ந்து முகம் பார்க்கவில்லை. பதிவேட்டில் ஏழு கர்ப்பிணிகளின் பெயருக்கு எதிரே 'புனேவுக்குக் குடிபெயர்ந்தார்' என்றிருந்தது. கட்டட வேலைக்குப் போவது இங்கே வழக்கம்தான். போன இடத்தில் இவர்களுக்கு என்ன வைத்தியம் கிடைக்கிறது என்று விசாரிக்கலாமே என நினைத்து, நீலாம்பிகா பெயர்களைக் குறித்துக்கொண்டு தனியாகக் கிளம்பினாள்.

முதல் பெயர் சோம்லிபாய். அந்த வீட்டு வாசலில் அவளுடைய ஓரகத்தி ஜம்கிபாய் இரண்டு குழந்தைகளோடு உட்கார்ந்திருந்தாள். ஒன்று பால் குடித்துக்கொண்டிருந்தது. மற்றது அழுதது.

"சோம்லிபாய் புனேலேருந்து எப்ப வருவாங்க?"

"புனேக்குப் போயிருக்காளா? யாரு சொன்னா?"

"பதிவேட்டுல இருக்கே."

ஜம்கிபாய் பக்கத்து வீட்டைப் பார்த்துக் கத்தினாள். "ஏ ஹீரி, கேட்டியாடி! நம்ம சோம்லி புனேக்குப் போயிருக்காளாம்! ஒரு போன்கூடப் பண்ணல பாரு, திருட்டுக் கழுதை!"

பக்கத்து வீட்டுக்காரி வாசலுக்கு வந்தாள். சிரிக்கவில்லை.

"போன மழையில செத்துட்டா மேடம்," என்றாள் ஜம்கிபாய், குரலை இறக்கி. அழுத குழந்தையை எடுத்து மறு மார்பில் விட்டாள். "இது அவ பெத்தது."

நீலாம்பிகா அவள் எதிரே மண்ணில் உட்கார்ந்தாள்.

"ஆம்புலன்ஸ் வரலையா?"

"அது முன்ன இங்கதான் நின்னுச்சு. உங்க பக்கம்தான் யாரும் சாகறதில்லையே, உங்களுக்கு எதுக்குன்னு வேற ஊருக்கு ஓட்டிட்டுப் போயிட்டாங்க. டிராக்டர்ல போட்டுக் கொண்டு போனோம். ஓடையத் தாண்டறதுக்குள்ள பலகையெல்லாம் ரத்தம். என் மடியிலதான் தலை இருந்துச்சு."

மூன்று நாள் அலைந்தாள். ஏழு பேரில் இரண்டு பேர் நிஜமாகவே புனேயில் இருந்தார்கள். ஒருத்தி தாய்வீட்டோடு போய்விட்டிருந்தாள். மற்ற நான்கு பேரும் செத்திருந்தார்கள். அதில் மூன்று சாவு ஆம்புலன்ஸ் போன பிறகு.

பதிவேட்டோடு போய் நின்றபோது சரணம்மா மறுக்கவில்லை.

"நாலு வருஷம் முன்ன, அந்த உத்தரவுக்கப்புறம் வந்த முதல் சாவை உள்ளபடிதான் எழுதினேன் மேடம். மூணு விசாரணை. அத்தனை பேர் முன்னாடி நிக்க வெச்சு, 'நீ என்ன புடுங்கிட்டிருந்தே'ன்னு கேட்டாங்க. ரத்தம் இல்ல, ரோடு இல்ல, ஏழு தாண்டாவுக்கு நான் ஒருத்தி. யாராவது பதில் சொல்லணும்னு ஒரு மேடம் எழுதிட்டாங்களாம். அந்த யாராவது நான்தான்னு ஆயிடுச்சு." முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க பேரைச் சொன்னதுமே எனக்குத் தெரிஞ்சு போச்சு."

நீலாம்பிகா பெரிய டாக்டர்களையும் மந்திரிகளையும் மனதில் வைத்து எழுதிய வரி அது. கடைசியில் யார் தலையில் போய் விடியும் என்று அவள் ஒரு நாள்கூட யோசித்ததில்லை.

அடுத்த வாரம் அதிகாரிகளின் கூட்டத்தில் நான்கு பெயர்களையும் படித்தாள். தலைமை அதிகாரி டீயை அப்படியே வைத்துவிட்டார்.

"மேடம், உங்க வெற்றியை நீங்களே இல்லேங்கறீங்களே!"

"வெற்றி இல்ல சார். சாவை எழுதினா தண்டனைன்னா யார் எழுதுவா? அதை யோசிக்காம எழுதினது நான். அந்தப் பொய்க் கணக்கைக் காட்டித்தானே வண்டியையும் எடுத்தீங்க?"

"அறிக்கையைக் கொஞ்சம் பதமா எழுதலாமே..." என்றார் அவர்.

அவள் பதமாக எழுதவில்லை. நர்ஸின் பெயரை மட்டும் எழுதாமல் விட்டாள். அதனால் யாரென்று தெரியாமல் போய்விடுமா? அந்த நிலையத்துக்கு ஒரே நர்ஸ். இரண்டு மாதத்தில் ஆம்புலன்ஸ் திரும்பி வந்தது. அதே வாரம் சரணம்மாவுக்கு வேலை நீக்க உத்தரவும் வந்தது.

நீலாம்பிகா மேல்முறையீட்டு விசாரணைக்குப் போய் அவளுக்காகச் சாட்சி சொன்னாள். எழுதிக்கொண்டார்கள். உத்தரவு மாறவில்லை. வழக்குப் போடலாம், வக்கீலை நான் பார்க்கிறேன் என்று சொல்ல சரணம்மாவுக்குப் போன் செய்தாள்.

"அத விடுங்க. கங்கிபாய்க்கு இது எட்டாம் மாசம். ஒல்லி உடம்பு, ரத்தம் கம்மி. புதுசா வந்த நர்ஸ் பொண்ணுக்கு வீடு தெரியாது. சோம்லியோட தாண்டாதான், கோயில் பின்னாடி மூணாவது வீடு. சொல்லிடறீங்களா?"

நீலாம்பிகா பேனாவைத் தேடி எடுத்து எழுதிக்கொண்டாள்.