மாப்பிள்ளை கட்டிய கற்றை

ஏணியின் ஆறாவது படியில் நின்றுகொண்டு தலையில் அடித்துக்கொள்ள முடியாது, விழுந்துவிடுவோம். அதனால் பல்லைக் கடித்துக்கொண்டேன். புதிதாகக் கட்டுகிற முதியோர் இல்லத்தின் மூன்றாம் மாடி நடைபாதையில், கூரைக்கு அடியில், நூல் பிடித்தாற்போல, அத்தனை ஒயர்களும் ஒரே கற்றையாகப் போயின. விளக்குக்குப் போவது, ஏசிக்குப் போவது, அவற்றின் நடுவே தீ அபாய மணிக்குப் போகிற சிவப்புக் கேபிள். அரை அடிக்கு ஒரு பிளாஸ்டிக் டேக் போட்டுக் கொக்கிகளோடு கட்டி, டேக்கின் வாலைக்கூட ஒரே அளவில் நறுக்கியிருந்தது. சிவப்புக்குத் தனிப் பாதை, இரும்புக் கிளிப் என்று வரைபடத்தில் நானே வட்டம் போட்டுக் கொடுத்திருந்தேன்.

செய்தவர் என் தங்கை புருஷன். வேறு யாராவது என்றால் உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன். மாப்பிள்ளையை என்ன செய்வது? திட்டுவதானாலும் 'வாங்க போங்க' போட்டுத்தான் திட்டவேண்டும்.

"மாப்ளே, இதை ஏன் சேர்த்துக் கட்டுனீங்க?"

"தனியா விட்டா அசிங்கமா இருக்கு மச்சான். இப்பப் பாருங்க, பின்னல் போட்ட மாதிரி இல்ல?"

போட்டோ எடுத்துக் குடும்பக் குழுவில் வேறு போட்டிருக்கிறார். என் அம்மா கைதட்டல் அனுப்பியிருக்கிறாள்.

"சீலிங் மூடிட்டா யாரு பார்க்கப் போறா?" என்றேன்.

"நான் பார்த்தேன்ல?"

கடவுளே, இப்படியும் ஒரு மனுஷன்!

சீலிங் ஆட்கள் பலகைகளோடு காத்திருந்தார்கள். நான் கையெழுத்துப் போட்டால் மூன்று மணிக்கு மூடிவிடுவார்கள். போடாவிட்டால் மாப்பிள்ளையின் ஒரு வார உழைப்பு குப்பை. தங்கை என் முகத்தில் விழிக்கமாட்டாள். ஆனால் இந்த மாடிக்கு வரப்போகிறவர்கள் தாங்களாக எழுந்து நடக்க முடியாத வயசானவர்கள். மணி அடித்தால்தான் அவர்களைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு போக ஆள் வரும்.

"தீயில வேகாத கேபிள்னு நீங்கதானே சொன்னீங்க? அப்புறம் பக்கத்துல எது இருந்தா என்ன?" என்றார், வக்கீல் கணக்காக.

"கேபிள் வேகாது மாப்ளே. உங்க டேக் வேகும்."

"சும்மா பயமுறுத்தாதீங்க."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. கரண்ட் கொடுக்காத ஒயர்தானே என்று, பைப் வளைக்கிற ஹீட் கன்னை எடுத்து டேக் டேக்காகக் காட்டினேன். ஒவ்வொன்றும் இளகி அறுந்தது. எட்டாவதுக்கு மேல் மிச்சத்தைப் பாரமே பார்த்துக்கொண்டது. கற்றை மொத்தமும் சரிந்து மார்பளவில் தொங்கியது. போகிற போக்கில் சிவப்புக் கேபிளையும் மணியின் பெட்டியிலிருந்து பிய்த்துக்கொண்டு வந்தது.

சுவரோரம் உறை பிரிக்காமல் நின்ற சக்கரக் கட்டிலை மாப்பிள்ளை இழுத்து வந்து கற்றைக்கு அடியில் தள்ளிப் பார்த்தார். தலைமாட்டுக் கம்பியில் ஒயர் மாட்டிக்கொண்டது. முன்னால் வந்து கற்றையை இரண்டு கையாலும் தூக்கினார். தள்ள ஆள் இல்லை. அதை விட்டுவிட்டுப் பின்னால் போனார். கற்றை தலையணை வைக்கிற இடத்தில் தொப்பென்று விழுந்தது.

நான் நகரவில்லை. கோபம்தான், வேறென்ன.

மறுபடி வந்து தூக்கினார்.

"ராத்திரியில இங்க எத்தனை பேர் இருப்பாங்க மச்சான்?"

"ஒரு நர்ஸ்தான்."

அவர் கையை இறக்கவில்லை. கற்றையைத் தலைக்கு மேல் பிடித்தபடியே அந்தக் காலிக் கட்டிலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.