கழுத்துப் பட்டைக் குறி

சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், சாயங்காலமே அவள் கணவர் வீட்டு வாசலில் நிற்பார். அந்த இருமலுக்குச் சிறையின் ஈரத் தரை ஆகவே ஆகாது. சொல்லிவிடேன் என்று மனம் அவளைப் பிடித்து உலுக்கியது.

விசாரணையே இல்லாமல் யாரையும் எத்தனை காலமும் அடைத்து வைக்கலாம் என்று துரைமார் புதுச் சட்டம் போட்டிருந்தார்கள். அதை எதிர்த்து, சலவைக்கூடத்தில் கொதிகலன் பார்த்த அவள் கணவர் பதினாறு பேரோடு வாய் திறக்காமல் தெருவில் நின்றார். அதற்கே அள்ளிக்கொண்டு போனார்கள். மறுநாள் சலவைக்கூடத்துப் பெண்கள் ஒரு துவைகல்லைக்கூடத் தொடவில்லை. இஸ்திரிப் பெட்டியின் கரியைக் கொட்டி அணைத்துவிட்டுக் கைகட்டி உட்கார்ந்தார்கள்.

வெளுத்து வைத்திருந்த தங்கள் முந்நூறு காக்கிச் சட்டைகளையும் போலீசார் தாங்களே வாரிக்கொண்டு போனார்கள். அங்கேதான் ஏமாந்தார்கள். கழுத்துப் பட்டைக்குள் மையால் வைத்த புள்ளியும் கோடும்தான் எது யாருடையது என்று சொல்லும். அந்தக் குறிகளின் அர்த்தம், அங்கே குறி போடும் அவள் தலைக்குள் மட்டும்தான் இருந்தது. அன்றைய அணிவகுப்பில் தொந்திக்காரர்களுக்குப் பொத்தான் எட்டவில்லை. சட்டைக் கை நீண்டு ஒல்லிக்காரர்களின் விரல்களைக் காணவில்லை. சிரித்தாலும் உள்ளே போடுவார்கள் என்று ஊரே உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றது.

நாளைக்குப் பெரிய துரை பார்வையிட வருகிறார். அதனால்தான் ஏட்டு, தொப்பைமேல் இழுத்துப் பூட்டிய யாரோ ஒருவரின் சட்டையில், சட்டை மூட்டைகளோடு சலவைக்கூடத்தில் அவள் முன்னால் நின்றார்.

"குறியப் பார்த்துப் பிரிச்சுக் குடும்மா. உன் வீட்டுக்காரரை இன்னைக்கே விட்டுடறதா துரை சொல்லிட்டார்."

"மூச்சை மெதுவா விடுங்க ஏட்டையா, பொத்தான் தெறிச்சு எங்க அண்ணி கண்ணுல பட்டுடப் போகுது," என்றாள் பக்கத்து மேசை நாத்தனார். சிரிப்பு அடங்கியதும் தலை குனிந்துகொண்டாள். உள்ளே இருப்பவர் அவளுக்கு அண்ணன். சொல்லு என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

வாசலில் வந்து நிற்கும் கணவர் முதலில் என்ன கேட்பார் என்று அவளுக்குத் தெரியும். மத்தவங்க எங்கே?

ஏட்டு குரலைத் தாழ்த்தினார். "மறந்துபோச்சுன்னாவது சொல்லிடு. உன்னையாவது உள்ளே போடாம விட்டுடுவாங்க."

இருபது வருஷம். ஒரு சட்டைகூட ஆள் மாறிப் போனதில்லை. மறப்பதாவது! அவள் முதுகு தானாக நிமிர்ந்தது.

கொடியில் தொங்கிய பழைய சட்டை ஒன்றை எடுத்து, மடித்து, அவர் கையில் வைத்தாள்.

"இது எங்க வீட்டுக்காரரோடது. அவர்கிட்ட சேர்த்துடுங்க."

"மத்ததெல்லாம்?"

"எல்லாம் ஞாபகம் இருக்கு, ஏட்டையா. சொல்ல மாட்டேன்."