வேலைக்கு வந்த பெருவிரல்

ஜூன் 11, புதன். நேற்று எட்வர்டின் பெருவிரல் காலை 6.52க்கு வேலைக்கு வந்ததாக எழுதியது பிழை, 6.53.

யசோதினி தன் நாட்குறிப்பில் இப்படித்தான் தொடங்கினாள். பசறைக்கு மேலே உள்ள தேயிலைத் தொழிற்சாலையில் வரவுப் பதிவு அவள் பொறுப்பு. தினமும் ஒரு பக்கம் எழுதச் சொன்னது மாலை வகுப்பு ஆசிரியை. விரல் 'வந்தது' என்பதா, ஆளுக்குரிய மரியாதையோடு 'வந்தார்' என்பதா என்ற சந்தேகம் மூன்று மாதமாக அவளுக்குத் தீரவில்லை.

கொழுந்து உருட்டும் மெஷின், அங்கே வேலை செய்த எட்வர்டின் இடது பெருவிரலை மார்ச்சில் கவ்விக்கொண்டது. அன்று தேடியும் விரல் கிடைக்கவில்லை. மறுநாள் காலை அது மெஷினடியிலிருந்து இறங்கி, சிமெந்துத் தரையில் நெளிந்து, சுவரேறி, வரவு பதியும் கருவியின் கண்ணாடியில் அழுந்தியது. கருவி பச்சை விளக்கைக் காட்டி நன்றி சொன்னது. அதன்பின் விரல் ஒரு நாளும் லீவு போடவில்லை. பௌர்ணமி விடுமுறையான போயா நாளிலும் வந்தது. தூள் சலிக்கும் பெண்கள் அதை மிதிக்காமல் நடக்கப் பழகிக்கொண்டார்கள். எட்வர்ட் அண்ணன் முழுசாக இருந்த காலத்தில் இவ்வளவு நேரத்துக்கு வந்ததில்லை என்று அவர்களில் ஒருத்தியான ஜெயந்தினி கேலி செய்தாள்.

முதலாளிக்குத்தான் எரிந்தது. அவர் யாருக்கும் விபத்துக் காப்புறுதி எடுத்திருக்கவில்லை. எட்வர்ட் தன் ஆளே இல்லை, ஒப்பந்தத்துக்கு ஆள் பிடிக்கும் கொந்தராத்துக்காரன் கூட்டிவந்தவன் என்று பதுளைத் தொழில் அலுவலகத்துக்கு எழுதிப்போட்டார். கருவியிலிருந்து பெயரை அழிக்கச் சொன்னார். யசோதினி ஏழு முறை அழித்தாள். விரல் வைத்ததும் ஏழு முறையும் பெயர் திரும்பி வந்தது. அழித்ததையும் எழுதிவைத்தாள், எழுதலாமா கூடாதா என்று தெரியாமலே. எட்வர்ட் தோட்டத்து லயக் குடியிருப்பில் கூலியில்லாமல் கிடந்தார். நட்டஈடு கேட்டுப் போன மனைவி செசிலிக்குக் கேட் திறக்கப்படவில்லை.

அந்தப் புதன்கிழமை காலை, ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டு நேரத்தில், தொழில் அதிகாரி மபாஸ் சொல்லாமல் வந்து காப்புறுதிப் பத்திரத்தைக் கேட்டார். அது முதலாளியிடம் இல்லை. எட்வர்ட் என்று ஒருவரும் இங்கே வேலை செய்யவில்லை என்று முதலாளி சொல்லிக்கொண்டிருக்கும்போதே விரல் சுவரேறிப் பதிந்தது. கருவி பெயரைக் காட்டியது. முதலாளி திகைத்தார், பிறகு அவர் முகம் தெளிந்தது.

"பார்த்தீங்களா சேர்? விரல் நல்லாத்தானே இருக்கு. ஒரு நாள் தவறாம வேலைக்கு வருது. இதுக்கு என்ன நட்டஈடு?"

"யார்கிட்ட வேலைக்கு வருது?" என்றார் மபாஸ்.

முதலாளி சொன்னதை அப்படியே எழுதிக்கொண்ட மபாஸ், கருவியில் பெயர் அழிக்கப்பட்ட தடங்களைக் கண்டு, அழித்தது யார் என்று கேட்டார். யசோதினி நாட்குறிப்பை நீட்டினாள். அவர் பக்கம் பக்கமாகப் படமெடுத்தார்.

"ஒனக்குச் சோறு போட்டது யாருடி?" என்றார் முதலாளி.

"நான் வேலை செஞ்சேங்க."

இனி இந்தப் பக்கம் வர வேண்டாம் என்றார் அவர். பதினான்கு நாளில் எல்லாருக்கும் காப்புறுதி எடுக்காவிட்டால் வழக்கு என்ற கட்டளை கேட்டில் ஒட்டப்பட்டது.

நட்டஈட்டு விண்ணப்பத்தில் மட்டும் ஒரு சிக்கல். எட்வர்டுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது, கைநாட்டுத்தான். வலது கைப் பெருவிரல் போதாதா என்று செசிலி கேட்டதற்கு, படிவத்தில் இடது பெருவிரல் என்றுதான் இருக்கிறது என்றார் மபாஸ்.

யசோதினி பக்கத்தின் கடைசியில் எழுதினாள்: நாளை, வியாழன், விரல் சுவரேறுமுன் ஜெயந்தினி அதைக் கைக்குட்டையில் எடுத்து கேட்டுக்கு வெளியே தருவாள். நான் அதை வாங்கிக்கொண்டு, எட்வர்டையும் செசிலியையும் ஏழரை பஸ்ஸில் பதுளைக்குக் கூட்டிப்போய், விண்ணப்பத்தில் அந்த விரலாலேயே கைநாட்டு வைக்க வேண்டும்.