எழுதக்கூடாத வழி

1

“உள்பாக்கெட்?”

“காலி.”

“அப்ப நெஞ்சுல என்ன சலசலங்குது?”

“இதயம்.”

“இதயம் காகிதச் சத்தம் போடாது. எடு வெளியே.”

எடுத்தேன். பஸ் டிக்கெட். செத்த எலியை வாலைப் பிடித்துத் தூக்குவதுபோல் கத்தெல் அதை இரண்டு விரலால் வாங்கிக் கூடையில் போட்டாள்.

“ஏழு வருஷமா சபைக்கு வர்ற. காட்டு ஓரத்துல எழுத்தோட நிக்கக் கூடாதுன்னு இன்னும் உனக்குப் பாடம் எடுக்கணுமா?”

“மறந்துட்டேன் கத்தெல். ஜில்தாஸ் பஸ்ஸுல வந்தேன். அவன்தான் கிழிச்சுக் கொடுத்தான்.”

“அவன் கொடுத்ததா? அப்ப ரெண்டு தடவை உதறிப் பார்க்கணும்.”

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நாலடி தள்ளி நின்ற ஜில்தாஸ் சிரிக்கவில்லை. சட்டையில் குத்தியிருந்த பெயர்ப் பட்டையைத் தானாகவே கழற்றிக் கூடையில் போட்டுவிட்டுக் காட்டுக்குள் நடந்தான்.

2

இந்தக் கதைக்கு நான் எழுதிய ஐந்தாவது தொடக்கம் அது. முதல் தொடக்கத்தில் மூடுபனி இருந்தது. நான் படிக்கும் மொழிபெயர்ப்பு நாவல்களில் காடு என்றால் மூடுபனி வந்துவிடும். எங்கள் காட்டில் அன்று நல்ல வெயில். இரண்டாவதில் ஒரு காகம் இருந்தது. அது எதற்கு என்று எனக்கே தெரியவில்லை. மூன்றாவது, “நாங்கள் ட்ரூயிட்கள், காட்டை வணங்கும் பழைய பூசாரி மரபினர், எங்களுக்கு எழுத்து ஆகாது” என்று தொடங்கியது. அதை எழுத்தில் பார்த்ததும் கிழித்துவிட்டேன். நான்காவதில் உண்மை சீக்கிரமே வந்துவிட்டது. அதையும் கிழித்தேன்.

இதை ஏன் எழுதுகிறேன் என்று ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் தம்பி ரிவால் மே முதல் தேதி கோவாத் மெலென் காட்டுக்குள் போனான். மூன்றாம் நாள் திரும்பியிருக்க வேண்டும். இன்று பன்னிரண்டாம் நாள். போலீஸ் நாய்கள் கறுப்புக் குளம்வரை மோப்பம் பிடித்துப் போய், அங்கே உட்கார்ந்துகொண்டன. காளான் பொறுக்கப் போனான் என்று போலீஸிடம் சொன்னோம். காளான் முளைக்காத மே மாதத்திலா என்று ஒருவர் மட்டும் புருவத்தைத் தூக்கினார்.

நாங்கள் சொல்லாதது இது. காட்டுக்குள் மூன்று ஆவி உலகங்கள் இருக்கின்றன. முதலாவது மரங்களுடையது. சபை கூடுவது அங்கேதான், வழி எல்லோருக்கும் தெரியும். இரண்டாவது நீருடையது. மூன்றாவது பெயரில்லாதவர்களுடையது. உள்ளே போகும் வழி ஒரு பாடலுக்குள் இருக்கிறது. இரண்டாம் உலகத்தின் பங்கு ஒரு காவலரிடம், மூன்றாம் உலகத்தின் பங்கு இன்னொரு காவலரிடம். போகிறவரின் காதில் மட்டும் அதை ஓதுவார்கள். நடந்தவர் கேட்டதைத் திரும்பச் சொல்லக் கூடாது. காவலர் தன் பங்கை நடந்து பார்க்கக் கூடாது. யாரும், எங்கேயும், எழுதக் கூடாது. எழுதினால் அந்த வழி செத்துவிடும்.*

* ஆப்பிள் மதுப் புட்டிகளின் ஒட்டுத்தாளைக்கூட ஊறவைத்து உரித்துத்தான் உள்ளே கொண்டுபோவோம். போன இலையுதிர் காலத்தில் எல்லோரும் எழுந்து நின்று, முன்னோரை வணங்கி, வினிகரைக் குடித்தோம்.

இரண்டாம் பங்கின் காவலர் ஜில்தாஸ். மூன்றாம் பங்கின் காவலர் நான், அசெனோர். எங்களுக்கு ஓதியவர்கள் இறந்துவிட்டார்கள்; மூன்றாம் உலகம்வரை கடைசியாகப் போய்வந்தவரும் இறந்துவிட்டார். பாட்டைச் சரிபார்க்க ஆள் இல்லை.

ரிவாலுக்கு ஒருவர் தவறாக ஓதியிருக்கிறார். இருவரில் ஒருவர். நான் அவன் அக்கா. அதனால் யாரும் என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

3

“ஜில்தாஸின் பற்கள் மஞ்சள்.”

முதல் வரைவில் அவன் இப்படித்தான் உள்ளே வந்தான். உண்மையில் அவனுக்கு நல்ல பற்கள். ஐம்பத்திரண்டு வயது, கல்யாணம் ஆகவில்லை, ஊர்களுக்கு நடுவே ஓடும் பஸ்ஸின் ஓட்டுநர். வேகவைத்த முட்டையை ஸ்டியரிங்கில் தட்டி உரிப்பான். ஒரு காலை இழுத்து நடப்பான் என்றும் எழுதியிருந்தேன். அதையும் எடுத்துவிட்டேன். கெட்டவனை உண்டாக்குவது இவ்வளவு சுலபம் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.

நான் உண்டாக்காத ஒன்று இருக்கிறது. ஏப்ரலில் கத்தெல் வீட்டில் கோதுவரகு அடை சுட்ட அன்று, சபை முழுவதும் கேட்க நடந்தது.

“எழுதி வச்சா என்ன குறைஞ்சிடும் ஜில்தாஸ்?” என்றான் ரிவால். “நாளைக்கு நீங்க பஸ்ஸோட ஆத்துல விழுந்தா பாட்டும் சேர்ந்து போயிடும்.”

“நான் விழுந்தா நீந்தி வருவேன். பாட்டு காகிதத்துல விழுந்தா எந்திரிக்காது.”

“பயந்தாங்கொள்ளி.”

“ஆமாடா. பயந்து பயந்துதான் முப்பது வருஷமா ஒரு சொல்லு தவறவிடல. நீயும் உள்ள போ. பயப்படக் கத்துக்குவ.”

கடைசி வாக்கியத்தைத்தான் கத்தெல் இப்போது பிடித்துக்கொண்டிருக்கிறாள். அவள் கால்நடை மருத்துவர். ரிவால் அவளுடைய உதவியாளன். கன்று பிறக்கும்போது காலைப் பிடித்து இழுப்பவன். அவனைப் பற்றி யாராவது இறந்தகாலத்தில் பேசினால் எழுந்து வெளியே போய்விடுகிறாள்.

[இந்த இடத்தில் ஒரு நல்ல எழுத்தாளர் உங்களை ஜில்தாஸைச் சந்தேகிக்க வைத்திருப்பார். நான் அதை முதல் பகுதியிலேயே செய்துவிட்டேன். அன்று காட்டு ஓரத்தில் முப்பது விதமான பேச்சுகள் நடந்தன. கத்தெல் அவனைக் குத்திய பேச்சைத் தேர்ந்தெடுத்து முன்னால் வைத்தவள் நான்.]

4

சோதனை முடிந்து எல்லோரும் ஓக் மரத்தடியில் உட்கார்ந்தோம். நேற்று, காலை பத்து மணி. காட்டுக்குள் எல்லோரும் எல்லோரையும் ‘நீ’ என்றுதான் அழைப்போம். அன்று அந்தச் சொல்லே அறைவதுபோல் கேட்டது.

“அவனுக்கு என்ன ஓதின?” என்றாள் கத்தெல்.

“இருக்கறதைத்தான்.”

“நாய் குளத்துக்கிட்ட நின்னுடுச்சு. குளம் உன் பங்கு.”

“குளத்துக்குள்ள இறங்கணும், கத்தெல். அதுதான் என் பங்கு. நாய்க்கு அது தெரியுமா?”

“எங்க யாருக்கும் தெரியாதுன்னு தைரியமாப் பேசறியா?”

“தைரியமா? நான் பயந்தாங்கொள்ளி. நீயும்தானே கேட்ட.”

தண்டனை அப்போதே முடிவாகிவிட்டது. எங்கள் சபையில் பெரிய தண்டனை மறத்தல். மறக்கப்பட்டவரின் பெயரை யாரும் உச்சரிக்கக் கூடாது, அவர் முகத்தைப் பார்த்துப் பேசக் கூடாது. அவரது பங்கு இன்னொருவருக்குப் போய்விடும். மறுநாள் மாலை ஆறு மணிக்கு ஜில்தாஸ் தன் பங்கை என் காதில் ஓதி ஒப்படைக்க வேண்டும்.

“சரியானதை ஓது” என்றாள் கத்தெல்.

“சரியானதைத்தான் அவனுக்கும் ஓதினேன்.”

கத்தெல் என்னிடம் திரும்பினாள். “நீ என்ன சொல்ற, அசெனோர்?”

“சொல்றதுக்கு எங்கிட்ட ஒண்ணும் இல்ல” என்றேன்.

பிறகு எல்லோரும் கழிகளை எடுத்துக்கொண்டு, ஒரு வாரமாகத் தேடும் அதே குளக்கரைக்குத் தேடப் போனார்கள். நானும் போனேன். நாணல்களை விலக்கி “ரிவால்!” என்று கூப்பிட்டேன். அவன் அங்கே இல்லை என்பது

[இந்த வாக்கியத்தை முடித்தால் அடுத்த பகுதி தேவைப்படாது. விட்டுவிடுகிறேன்.]

5

நான் மாவட்ட நாளிதழ் ஒன்றில் மெய்ப்புத் திருத்துகிறேன். பெரும்பாலும் மரண அறிவிப்புப் பக்கம். துக்கத்தில் இருப்பவர்கள் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதுவார்கள். “நல்லவர், மிக நல்லவர், எல்லோருக்கும் நல்லவர்.” ஒன்றை வைத்துக்கொண்டு இரண்டை வெட்டுவேன். யாரும் புகார் சொன்னதில்லை. படிக்கும் நாவல்களிலும் மனதுக்குள் வெட்டிக்கொண்டே போவேன்.

என் பங்கில் ஒரு பத்தி இப்படி வரும்:

முள்ளிலை மரம். தாண்டு. திரும்பிப் பார்.
முள்ளிலை மரம். தாண்டு. திரும்பிப் பார்.
முள்ளிலை மரம். தாண்டு. திரும்பிப் பார்.

மூன்று வரியிலும் ஒரே சொற்கள். பாட்டின் மற்ற இடங்களெல்லாம் நீரோட்டம்போல் போகும். இங்கே வந்ததும் வண்டிச் சக்கரம் சேற்றில் சுற்றும். பாத்திரம் கழுவும்போது, பஸ்ஸில் போகும்போது, மனதுக்குள் ஓதிப் பார்ப்பேன். எப்போது அதை இரண்டு வரியாக்கினேன் என்று எனக்கு நினைவில்லை. இரண்டு அழகாக இருந்தது. ஒன்று சொல்ல, ஒன்று பதில் சொல்ல.

அது ஓசைக்காக வந்த வரி என்று நினைத்தேன். எண்ணிக்கை என்று நினைக்கவில்லை. காவலர் தன் பங்கை நடந்து பார்க்கக் கூடாது என்பதால், அந்த மரங்கள் எத்தனை என்று எனக்கு எப்படித் தெரியும்?

மே முதல் தேதி ரிவால் என் முன்னால் மண்டியிட்டுக் காதைக் காட்டினான். “சீக்கிரம் ஓது, அக்கா, கழுத்து வலிக்குது” என்றான். இரண்டு வரிதான் ஓதினேன். வாயிலிருந்து போன பிறகும் உறைக்கவில்லை. அழகாக ஓதினேன் என்றுதான் நினைத்துக்கொண்டேன். நான்காம் நாள், “மூன்று முறையும் ஒரே சொல் எதற்கு” என்று எண்ணியபடி யாரோ எழுதிய இரங்கல் கவிதையை வெட்டிக்கொண்டிருந்தபோது, பேனா நின்றது.

மூன்றாவது முள்ளிலை மரத்தை அவன் திரும்பிப் பார்க்காமல் தாண்டியிருக்கிறான். திரும்பிப் பார்க்காதவனுக்கு அங்கே வந்த வழி முகம் காட்டுமா என்று எனக்குத் தெரியாது. ரொட்டியும் பன்றிக்கொழுப்பும் மூன்று நாளைக்குத்தான் எடுத்துப் போனான். ஓடை இருக்கிறது. பன்னிரண்டு நாள் ஒருவன் தாங்கலாம். பதினைந்து நாளும் தாங்கலாம். அதற்குமேல் என்னால் எண்ண முடியவில்லை.*

* நானே தேடிப் போனேன், ஆறாம் நாள், யாருக்கும் தெரியாமல். கோவாத் மெலெனில் முள்ளிலை மரங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. என் பங்கு தொடங்கும் இடம் ஜில்தாஸின் பங்கு முடியும் இடம். அது அவனுக்கு மட்டும்தான் தெரியும்.

6

மேலே இருக்கும் வரிகளை எழுதிவிட்டேன். எழுதினால் வழி செத்துவிடும் என்பது உண்மையானால், என் தம்பி உள்ளே இருக்கும்போதே கதவைச் சாத்திவிட்டேன். அதனால் மரத்தின் பெயரை மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். இதை நம்புகிறீர்களா? உங்கள் இடத்தில் நான் இருந்தால் நம்பமாட்டேன்.

முடிவுகள் இரண்டு வைத்திருக்கிறேன்.

ஒன்று. ஒப்புக்கொள்கிறேன். எல்லோரும் குளத்தை விட்டுவிட்டு ஓடுகிறோம். ரிவால் ஒரு மரத்தடியில், தாடி வளர்ந்து, மெலிந்து, “ஏன் இவ்ளோ நேரம்?” என்று கேட்கிறான். எழுதும்போது அழுதேன். அதனால்தான் இந்த முடிவை நம்பவில்லை.

இரண்டு. வாயைத் திறக்கவில்லை. ஜில்தாஸ் மறக்கப்படுகிறான். இரண்டு பங்குகளும் என்னிடம் வருகின்றன. சில நாள் போனதும் ரிவாலுக்கான அறிவிப்பு என் மேசைக்கே வருகிறது; நல்லவன் என்ற சொல்லை ஒரு முறை மட்டும் வைத்துக்கொண்டு

[இல்லை.]

இரண்டில் ஒன்றை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், அல்லது வேறொன்றை எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு வெட்டத்தான் தெரியும். இன்று மதியம் நடந்ததை மட்டும் ஒரு சொல்லும் வெட்டாமல் கீழே வைக்கிறேன்.

7

நாளைய மரண அறிவிப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜன்னலுக்கு வெளியே ஹார்ன் சத்தம். பஸ் காலியாக நின்றது.

“ஏறு” என்றான் ஜில்தாஸ்.

“வேலை இருக்கு.” காட்டுக்கு வெளியே அவனை ‘நீங்க’ என்றுதான் கூப்பிட வேண்டும். “நீங்க சாயங்காலம்தானே வரணும்?”

“செத்தவங்க காத்திருப்பாங்க. ஏறு.”

ஏறினேன். அவன் எஞ்சினை அணைத்தான். முட்டையை ஸ்டியரிங்கில் தட்டி உரித்து, பாதியை என்னிடம் நீட்டினான். நான் வாங்கவில்லை.

“ஆறு மணிக்கு என் பங்கு உன்கிட்ட வந்துடும். அதுக்கப்புறம் நான் காவலன் இல்ல.”

“தெரியும்.”

“காவலன் இல்லன்னா நடக்கலாம். கத்தெல் அதை யோசிக்கல. குளத்துல இறங்கி, என் பங்கு முடியற இடம் வரைக்கும் பாட்டை வச்சே, கண்ணைக் கட்டிவிட்டாலும் போயிடுவேன். அங்கேருந்து உன் பங்கு.”

“தனியாவா போறீங்க?”

“பஸ்ஸை ஓட்டிட்டுப் போக முடியாதே.”

“உங்களைத்தானே எல்லாரும் இப்படி... நீங்க ஏன் போகணும்?”

“பின்ன? அந்தப் பய என்னைப் பயந்தாங்கொள்ளின்னு சொல்லிட்டுப் போயிட்டான். நேர்ல பார்த்து ரெண்டு வார்த்தை கேக்க வேண்டாமா?” முட்டையை மென்று முடித்தான். “பன்னெண்டு நாளாச்சு, பொண்ணே. இனிமே சபை கூடி, கழி எடுத்து, குளத்தைக் கலக்கி... நேரமில்ல.”

மூன்று வரியையும் மனதுக்குள் ஒருமுறை ஓதிப் பார்த்தேன். மூன்றும் இருந்தன. ஒன்றுகூட விடாமல் ஓதிவிடலாம். அவன் போய்வருவான். யாருக்கும் எதுவும் தெரியாது.

“சரி” என்றேன். “காதைக் கொடுங்க.”

அவன் குனியவில்லை. கண்ணாடியில் காலி இருக்கைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

“பாட்டுல இருக்கறபடி ஓதாத.”

“என்ன?”

“சரியான வழியில போனா நான் சரியான இடத்துக்குத்தான் போய்ச் சேருவேன். அவன் அங்க இல்ல.”

பிறகுதான் என் பக்கம் குனிந்து, தொப்பியைக் கழற்றி, காதைக் காட்டினான்.

“அன்னிக்கு அவனுக்கு என்ன ஓதினியோ, அதை அப்படியே எனக்கு ஓது.”