காலடியில் தரை இல்லாத ஷாபான்

இஸ்தான்புல்லில் ஈரல் விற்கும் ஷாபான் தரைக்கு நான்கு விரற்கடை மேலே நிற்கத் தொடங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை; அன்று வெங்காயம் மலிவு. தோளில் கழி, கழியின் இரு முனையிலும் ஆட்டீரல், பின்னால் தெருப்பூனைகள் என்று வழக்கம்போலத்தான் கிளம்பினான். கால் மட்டும் கல்லில் படவில்லை.

காரணம் சீக்கிரமே தெரிந்துபோயிற்று. பேரா மேட்டில் குடியிருந்த வெளிநாட்டுத் தூதர் ஒருவர், மேட்டை விட்டு இறங்காமலேயே சுல்தானின் குடிமக்களைக் கரைத்துக் குடித்துவிட நினைத்து, தொழிலுக்கு ஓர் ஆளாக நீர்வண்ணப் படப்புத்தகம் கேட்டிருந்தார். கடைத்தெரு ஓவியர் ஸெனோப், தாளுக்கு ஒருவராக, தலைப்பாகை மடிப்பு ஒன்று விடாமல் வரைந்து கொடுத்தார். தரை, நிழல், சுவர் எதுவும் போடவில்லை. அந்தத் தொழிலில் யாரும் போடுவதில்லை.

"தண்ணிக்காரன், நாவிதன் எல்லாரையும் பழைய படத்தைப் பாத்துத்தான் போட்டேன், நல்லாத்தான் நடக்குறாங்க. உன்னை மட்டும் நேர்ல நிறுத்தி வரைஞ்சுட்டேனேப்பா" என்று கையைப் பிசைந்தார் ஸெனோப்.

"காலடியில கொஞ்சம் மண்ணு போட்டுடுங்க உஸ்தா. வேற ஒண்ணும் கேக்கல."

புத்தகமோ தூதரிடம் போய்விட்டிருந்தது. தொழுகையில் ஷாபானின் நெற்றி தரையில் படவில்லை. மனதில் நிய்யத்து, அந்த எண்ணம் இருந்தால் போதும், ஆனால் கடைசி வரிசைக்குப் போ என்றார் இமாம். இவனுக்குச் செருப்பே தேய்வதில்லை என்று செருப்புத் தைப்போர் சங்கம் காஜியிடம் முறையிட்டது. "ஏங்க, படுக்க வர்றீங்களா, உத்தரத்துல தொங்கப் போறீங்களா?" என்றாள் மனைவி குல்ஃபெம்.

அவன் சிரிக்கவில்லை. "நடக்குறது, படுக்குறது எப்படியோ போகட்டும்டி. செத்தா மண்ணு என்னை ஏத்துக்குமா?"

இதே கவலையைச் சொல்லித்தான் ஸெனோப்பை அழைத்துக்கொண்டு தூதரிடம் மேடேறினான். தூதர் அவனைக் கம்பளத்துக்கு மேலே நிறுத்தி, புத்தகத்தைப் பிரித்து ஒப்பிட்டார். கால் அந்தரத்தில் நிற்பதைக் கண்டு அவர் பூரித்துப்போனார். "அப்படியே இருக்கானே! ஒரு மயிரிழைகூடப் பிசகலையே!" மண்ணைப் பற்றிக் கேட்டதும் முகம் சுருங்கியது. "பக்கம் அழுக்காயிடும்." அடுத்த வசந்தத்தில் அவர் ஊர் திரும்பினார், இந்த மக்களை நன்கறிந்தவர் என்று அங்கே அவருக்குப் பதக்கம் குத்தினார்கள்.

ஷாபான் அந்த உயரத்திலேயே நின்று ஈரல் விற்று நரைத்தான், ஒரு குளிர்காலத்தில் இறந்தான். குழிக்குள் உடல் அடியைத் தொடாமல் நின்றது. ஆழமாகத் தோண்டினார்கள், அங்கும் அதே நான்கு விரற்கடை. வெட்டியவர்களுக்குக் கை ஓய்ந்தது. குல்ஃபெம் தலையசைத்ததும் மண்ணைத் தள்ளி மூடினார்கள். விடியும்போது மண்மேடு தலைமாட்டுக் கல்லோடு சேர்ந்து நான்கு விரற்கடை எழும்பியிருந்தது.

யாரும் அதை அமுக்கிப் பார்க்கவில்லை. கல்லறைக் காவல்காரர் அதனடியில் முளைக்கும் புல்லை மாதமொருமுறை அரிந்துவிடுகிறார். மழை வந்தால் பூனைகள் அதனடியில்தான் படுத்துக்கொள்கின்றன.